யெஃபிம் தேய்த்த உருண்டை

"பெத்த பொண்ணு பொணத்தைத் தொடக் கூடாதுடி! எத்தனை தடவை சொல்றது?" என்று டூஸ்யா அத்தை கத்தியது காதிலேயே விழாதவள் போல, ரிம்மா அப்பாவின் வலது கட்டைவிரல் நகத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் விறைத்துப் போயிருந்தது. நகக்கண்ணில் படிந்திருந்த கறுப்பு ஒரு இம்மி கூட அசையவில்லை.

குளிப்பாட்டுவது அக்கம்பக்கத்துப் பெண்களின் வேலை. ரத்த சொந்தம் செய்தால் செத்தவன் நிம்மதியாகப் போக மாட்டானாம். டூஸ்யா பக்கத்து அறைக்காரி. ஒரே நடை, ஒரே குழாய், ஒரே சமையலறை என்று பதினைந்து வருடமாக இந்தக் குடும்பத்தோடு சண்டை போட்டும் சமாதானமாகியும் வாழ்ந்தவள். யெஃபிமைக் காலையில் அவள்தான் குளிப்பாட்டி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு, கூந்தல் போல நீளமாக இருந்த புருவத்தைக் கூட வாரிவிட்டிருந்தாள். இப்போது பெண் வந்து மண்ணெண்ணெய் நாற்றத்தை ஏற்றினால் அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"சோப்பு போட்டேன், சோடா போட்டேன், சாம்பல் கூடப் போட்டுப் பார்த்துட்டேன். அது போகாதுடி. போற எடத்துல எவன் நகத்தைத் திருப்பிப் பாக்கப் போறான்?"

"நான் பாக்கறேன் இல்ல?" என்றாள் ரிம்மா.

அலுமினியம் பார்க்கத்தான் வெள்ளை. அதைத் தேய்க்கிறவன் கையில் கறுப்பாகத்தான் ஒட்டும். பத்து வருடமாக இந்தக் கை பால் பாத்திரம் தேய்த்தது. முந்தாநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பூட்ஸைக் கழற்றக் குனிந்த யெஃபிம் குனிந்தபடியே சாய்ந்துவிட்டார். கையைக் கழுவக்கூட நேரம் கிடைக்கவில்லை.

சமையலறைச் சுவரில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு நடுவே 'பீப்... பீப்...' என்று அந்தச் சத்தம். முதல் ஸ்புட்னிக் வானத்திலிருந்து அனுப்பிய அதே சத்தமாம். பத்தாண்டு நிறைவு. காலையிலிருந்து எத்தனையாவது முறையோ, மனித குலத்தின் புதிய யுகம் என்று அறிவிப்பாளர் தொண்டை தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தெரு முழுக்கச் சிவப்புத் துணி. பிரியாவிடை கொடுக்க யெஃபிமுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்கவில்லை!

"அந்த சனியனை யாராவது அணைச்சுத் தொலைங்களேன்" என்றாள் ரிம்மா.

அம்மா பெலகேயா மாவுக் கையோடு கதவருகே வந்து நின்றாள். புருஷன் செத்ததிலிருந்து அவள் அழவில்லை; சமைத்துக்கொண்டே இருந்தாள்.

"தொடாதே அதை. இன்னிக்கி நாள் அப்படி. இன்னிக்கிப் பார்த்து அணைச்சா, ஏன் அணைச்சாங்கன்னு ஒருத்தன் கேப்பான்."

"வீட்டுல பொணம் கிடக்கும்மா."

"கிடக்கட்டும். ரேடியோ சத்தத்துல எந்திரிச்சு உக்காந்துக்கப் போறாரா?" சாவு வீட்டு வழக்கப்படி துணியால் மூடியிருந்த கண்ணாடியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. வெனியமின் வருவான். நீ வாயைத் தெறக்கக் கூடாது. இந்த ரூம் தொழிற்சாலையோடது. உங்கப்பா வேலை பார்த்தாரு, இருந்தோம். இப்ப அவரு இல்ல. நீ நூல் மில்லுக்காரி, நான் ஒண்ணுமில்லாதவ. அடுத்த வாரம் குடியிருப்புக் குழு கூடுது. அதுக்குத் தலைவன் அவன். அவன் தலையாட்டினா இங்க இருப்போம். இல்லேன்னா ரயில் பாதை ஓரத்து மரக்கொட்டடிதான். அங்க போனா ஒரு குளிர்காலம் தாங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"அந்த ஆளு கால்ல விழணுமா நான்?"

"கால்ல விழச் சொல்லல. வாயை மூடச் சொல்றேன். அது உனக்குக் கால்ல விழறதை விடக் கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

ரிம்மா துணியைக் கீழே போட்டாள். நகம் கறுப்பாகவே இருந்தது.

வெனியமின் என்ற பெயரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும். அப்பாவின் சிநேகிதன், தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாக யுத்த காலத்தைப் பட்டினியில் கழித்து, ஒரே மேஜையில் வேலை பார்த்தவர். பத்து வருடத்துக்கு முன்னால் அந்த இலையுதிர்காலத்தில் அவர்கள் இருவரும் வெள்ளை அங்கியும் வெள்ளைப் பருத்திக் கையுறையும் போட்டுக்கொண்டு, வெல்வெட் சுற்றிய தாங்கியில் வைத்திருந்த ஒரு உருண்டையைத் தேய்த்தார்கள். இரண்டு கை விரித்தால் அணைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அது. என்னவென்று வீட்டில் சொல்லக் கூடாது. தொழிற்சாலைக்கே பெயர் கிடையாது, வெறும் தபால்பெட்டி எண். அந்த நாட்களில் மட்டும் அப்பாவின் கை வெள்ளை வெளேரென்று இருந்தது ரிம்மாவுக்கு ஞாபகம். ரொட்டி எடுக்கும்போது அவரே தம் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

பிறகு ஒரு நாள், ஸ்புட்னிக் என்ற உருண்டை வானத்தில் சுற்றுகிறது என்று ரேடியோ சொல்லிவிட்டது. உலகமே அண்ணாந்து பார்த்தது. இந்த முற்றத்திலும் விடியற்காலையில் எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கி நின்றார்கள். "அதோ! அதோ போகுது!" என்று ஒரே கூச்சல். ஒரு புள்ளி வெளிச்சம் கூரைகளுக்கு மேலே நகர்ந்து போனது. பெண்கள் கைதட்டினார்கள். டூஸ்யா அத்தை அழுதேவிட்டாள்.

அப்பா வெனியமினின் காதருகே குனிந்து சொன்னார். நடுவில் நின்ற பதினான்கு வயது ரிம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டது.

"அது இல்லடா. அது ராக்கெட்டோட காலிக் கூடு. அதுவும் கூடவே சுத்துது. நம்ம உருண்டை இத்தனூண்டு, கண்ணுக்கே தெரியாது." அப்புறம் சிரித்தார். "அவ்வளவு தேய்ச்சோமேடா, பாவிகளா!"

அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். நான்கைந்து நாளில் கூப்பிட்டு விசாரித்தார்கள். ரகசியத்தை வெளியே பேசினாயா? ரகசியப் பிரிவுக்குள் நுழையும் அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அதே தொழிற்சாலையின் பின்கட்டில் பால் பாத்திரமும் கெட்டிலும் செய்யும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே, வானில் கண்ணுக்குத் தெரிவது ராக்கெட்டின் உடல்தான், ஸ்புட்னிக் அல்ல என்று பத்திரிகைகளே கொட்டை எழுத்தில் விளக்கம் போட்டன. அட, இதைத்தானே ஐயா அந்த மனுஷனும் சொன்னான்! பிடுங்கின அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எவனுக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. ஜனவரியில் அந்த உருண்டை காற்றில் இறங்கி எரிந்து போனதாகச் செய்தி வந்தது. அப்பா சூப்பைக் குடித்துக்கொண்டே "போச்சா" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசி ரிம்மா கேட்டதில்லை.

பாத்திரப் பிரிவிலும் அவர் திட்டு வாங்கினார். பால் பாத்திரத்தின் வெளிப்புறத்தை முகம் தெரியத் தேய்ப்பாராம். "யோவ், இதை வானத்துக்கா அனுப்பப் போறாங்க? அடுப்புல வெச்சா ஒரே நாள்ல கரி!" என்று மேற்பார்வையாளன் கத்துவானாம். மூடி சரியாக உட்காராத, கைப்பிடி கோணலான பாத்திரங்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். இந்த வீட்டில் எல்லாம் அவர் தேய்த்ததுதான்.

அன்று முற்றத்தில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ரிம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. மிச்சம் ஒருவர். அடுத்த மாதமே வெனியமின் உருண்டை தேய்த்த அந்த ரகசியப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஆனார். பிறகு குழு, சங்கம், பதக்கம். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? பதினாறு வயதில் ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டாள்: "அப்பா, போட்டுக் குடுத்தது வெனியமின் மாமாதானே?"

"சூப் ஆறுது, சாப்பிடு" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த ஆள் டோமினோ விளையாட வருவார். அப்பாவும் வெட்கமில்லாமல் உட்கார்ந்து விளையாடுவார். ரிம்மா அவருக்கு மட்டும் விளிம்பு உடைந்த கோப்பையில், இரண்டாம் தரம் ஊற்றிய வெளுத்த தேநீரைக் கொண்டுவந்து வைப்பாள். அவர் ஒரு நாளும் அதை மிச்சம் வைத்ததில்லை.

வெனியமின் வந்துவிட்டார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை நரைத்து, கழுத்துப் பட்டி இறுக்கிய முகம் சிவந்து. சவப்பெட்டியருகே நின்று யெஃபிமின் நெற்றியில் முத்தமிட்டார். மேஜை மேல் செத்தவருக்கென்று ரொட்டித் துண்டால் மூடிவைத்த வோட்கா கிளாஸை நகர்த்தி நேராக வைத்தார். சமையலறைக்குப் போகிற ரிம்மாவின் பின்னாலேயே வந்தார்.

"ரிம்மா, வாத்தியக் கோஷ்டி கிடைக்கலம்மா. எல்லாரையும் கலாசார மாளிகைக்கு இழுத்துட்டாங்க, பத்தாண்டு விழாவுக்கு. கெஞ்சிப் பார்த்தேன். பெரிய மேளம் ஒண்ணு, பெரிய கொம்பு ஒண்ணு, ரெண்டு பேரைத்தான் விட்டாங்க."

"பாத்திரம் கழுவறவனுக்கு அது போதும் மாமா."

அவர் அதைக் கேட்டும் கேட்காதது போல உள்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறை. மடிப்பில் லேசாக மஞ்சள் படிந்திருந்தது. மற்றபடி புதுசு போல.

"அவனோடது. அட்டையைப் பிடுங்கின அன்னிக்கி மேஜை மேலயே கிடந்துது. எடுத்து வெச்சிருந்தேன். நீ சரின்னா... கையில போட்டு விடலாம். பூவை மேல வெச்சா வெளியே தெரியாது."

அந்த நகத்தை இவ்வளவு நேரம் அவள் எதற்குத் தேய்த்தாளோ, அதை இந்த ஆள் ஒரே நிமிஷத்தில் மறைத்துவிடப் பார்க்கிறார்.

"உயிரோட இருக்கறப்ப குடுத்திருக்கலாமே?"

"குடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டான்."

"அப்ப செத்தவரு கையில திணிக்க வந்தீங்களா? உங்க பாவத்தைத் துடைக்க எங்கப்பா கைதான் கிடைச்சுதா?"

வெனியமின் வாயைத் திறந்தார். அவர் கண் ரிம்மாவைத் தாண்டி, நடையில் அப்பத் தட்டோடு போய்க்கொண்டிருந்த பெலகேயாவின் மேல் ஒரு கணம் நின்றது. வாயை மூடிக்கொண்டார். ரிம்மா அந்தக் கையுறையை அவர் கையிலிருந்து பிடுங்கி அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் எறிந்தாள். அவர் திரும்பிப் போகும்போது, "ரூம் விஷயமா பயப்படாதீங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கப் பலகையை இறக்கிய லாரியில் ஃபிர் மரக் கிளைகளைப் பரப்பி, பெட்டியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு போனார்கள். மேளக்காரனும் கொம்புக்காரனும் பின்னால் நடந்தார்கள். இருவருக்கும் தெரிந்தது அடித்தாளம் மட்டும்தான். ராகம் வாசிக்கிறவர்கள் எல்லாம் மாளிகையில் இருந்தார்கள். பூம், பூம் என்று அவர்கள் அடித்துக்கொண்டு போக, தெருமுனையில் நின்ற ஒருத்தி தன் குழந்தையிடம் "விழாவுக்குப் போறாங்கடா" என்று கையசைக்கச் சொன்னாள். குழந்தையும் பிணத்துக்குக் கையசைத்தது. ரிம்மா அதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

மேட்டு மயானத்தில் காற்று. கீழே மாளிகையிலிருந்து முழு வாத்தியக் கோஷ்டியின் சத்தம் ஏறி வந்தது, எல்லா ராகத்தோடும். பாத்திரப் பிரிவுக்காரர்கள் ஒரு பத்துப் பேர், முற்றத்துப் பெண்கள் சிலர். சற்றுத் தள்ளி ஒரு தொப்பிக்காரர் கைகளைப் பையில் விட்டபடி நின்றார். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவு ஆள். எந்தத் தொழிலாளி செத்தாலும் வருவார். யாரும் அவருக்கு விரும்பி வணக்கம் சொல்வதில்லை, பயத்தில் சொல்லாமலும் இருப்பதில்லை. பத்தாண்டு நாளில் அவருக்குக் கூடுதல் கவனம் இருக்கும் அல்லவா?

வெனியமின் குழியருகே நின்றார். மேலிடத்தில் பார்த்துச் சரியென்று சொல்லிக் கொடுத்த வாசகத்தைத்தான் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"நமது தோழர் யெஃபிம் இருபத்தெட்டு ஆண்டுகள் நமது நிறுவனத்தில் நேர்மையாக உழைத்தார். வீட்டு உபயோகப் பாத்திரங்களின் தரத்தை உயர்த்த அவர் ஆற்றிய பணி..."

அம்மா ரிம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். பிடி இரும்பாக இறுகியது. ரிம்மா பெட்டியைப் பார்த்தாள். மார்பில் சேர்த்துக் கட்டிய கைகள். கட்டைவிரல் நகத்தில் கறுப்பு. கீழே ஊரே எதற்காகக் கொம்பூதுகிறதோ, அதைத் தேய்த்த விரல் அது. அதற்கு இங்கே ஒரு வார்த்தை கிடையாதாம். உலகம் முழுக்கத் தெரிந்ததைச் செய்தவன் மட்டும் சொல்லக் கூடாது, அவன் பெண்டாட்டி சொல்லக் கூடாது, அவன் பிணம்கூடச் சொல்லக் கூடாது.

"பாத்திரமா?" என்றாள்.

வெனியமின் நிறுத்தினார்.

"பாத்திரமா செஞ்சாரு எங்கப்பா? கீழ கேக்குதே அந்தக் கூத்து, அது எதுக்கு? அந்த உருண்டையைத் தேய்ச்சது இந்தக் கை! இதோ கிடக்கே, இந்தக் கை! அதைக் காட்டிக் குடுத்து மேல ஏறினது இதோ நிக்குதே, அந்தக் கை! நீயும் கூட நின்னு தேய்ச்சவன்தானே? சொல்லேன்! ஒரே ஒரு தடவை, செத்ததுக்கு அப்புறமாவது சொல்லேன்!"

மேளக்காரன் தெரியாமல் கோலைத் தவறவிட்டான். தொப்பிக்காரர் கைகளைப் பையிலிருந்து எடுத்தார்.

வெனியமின் ரிம்மாவைப் பார்க்கவில்லை. அந்தத் தொப்பியைத்தான் பார்த்தார். "பொண்ணு துக்கத்துல உளறுது. ரெண்டு நாளா தூக்கம் இல்ல" என்றார் உரக்க.

"உளறல் மாதிரித் தெரியலையே" என்றார் தொப்பிக்காரர் மென்மையாக. "உருண்டைன்னுது, கைன்னுது. இந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் யார் சொன்னது?"

"நான் சொன்னேன்" என்றார் வெனியமின்.

"நீங்களா?"

"குடிச்சிட்டு ஒளறியிருப்பேன். வீட்டுக்குப் போக வர இருக்கறவன் நான். யெஃபிம் வாயே திறக்க மாட்டான். இங்க பொறுப்பும் நான்தான். அவங்களை விட்டுடுங்க, அடக்கம் முடியட்டும்."

அடக்கம் முடிந்தது. பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள், ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். வெனியமினும் போட்டார். பிறகு தொப்பிக்காரரோடு கறுப்புக் காரில் ஏறி, பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு போனார். அவர் சொன்ன பொய் ரிம்மாவின் காதில் விழுந்தது, மனதுக்குள் இறங்கவில்லை. குற்றம் குத்துகிறது, அதான் ஒத்துக்கொள்கிறான் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் ரூம் போகட்டும், உயிரா போய்விடும்? பத்து வருடத்தில் முதல் தடவையாக வயிற்று எரிச்சல் அடங்கி, அவளுக்குப் பசித்தது.

வீட்டில் துக்கச் சாப்பாடு. திராட்சை போட்ட சோறு, அப்பம், மீன். பத்துப் பேருக்குப் போட்ட மேஜையில் ஐந்து பேர்தான் உட்கார்ந்தார்கள். பாத்திரப் பிரிவுக்காரர்கள் மயானத்திலிருந்தே ஆளுக்கொரு வேலை சொல்லிக் கழன்றுவிட்டார்கள். வந்திருந்த மாடி வீட்டுத் தம்பதியும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போனார்கள். டூஸ்யா அத்தை மட்டும் கிளாஸ் கிளாஸாகக் குடித்தாள். ரேடியோ அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிருந்தது.

"ஏண்டி ரிம்மா" என்றாள் திடீரென்று. "அந்த மனுஷனைப் போய் ஏண்டி அப்படிச் சொன்னே?"

"வேற யாரைச் சொல்லணும்? உங்களையா?"

"என்னைச் சொல்லேன்! அன்னிக்கிப் பொதுக் குளியல்கூடத்துல இருந்த யாரை வேணாலும் சொல்லு. சனிக்கிழமை. எல்லாரும் ஸ்புட்னிக்கைப் பார்த்தேன், பார்த்தேன்னு பீத்திக்கறோம். உங்கம்மா வாளியை டொக்குன்னு வெச்சிட்டு எந்திரிக்கறா. 'நீங்க பார்த்தது ஓட்டைக் கூடு. நிஜத்தை எம்புருஷன் கையால தேய்ச்சான், அது உங்க கண்ணுக்கெல்லாம் தெரியாது'ன்னா. உடம்புல பொட்டுத் துணி இல்ல, ஆனா ராணி மாதிரி நின்னா. இருபது பொம்பளைங்க! எவ போய் ஓதினாளோ. நான் இல்ல, சத்தியமா நான் இல்ல."

ரிம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேஜையில் சிந்திக் கிடந்த அரிசிப் பருக்கைகளை விரலால் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

பருக்கைகள் ஒரு சின்னக் குவியலாகின.

"அம்மா, இவங்க என்ன சொல்றாங்க?"

"உங்கப்பனுக்கும் தெரியும்" என்றாள் டூஸ்யா. இனி அவளை நிறுத்த முடியாது. "இந்தச் சுவரு பலகைதானே? எல்லாம் கேட்டுது. உங்கம்மா விழுந்து அழறா. அவரு, 'பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாம், விடு'ங்கறாரு. நீ வெனியமின் மேல சந்தேகப்படறேன்னு தெரிஞ்சதும் அவன் கிட்டயே சொன்னாரு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'வெறுத்துட்டுப் போகட்டும். நான் வாரத்துக்கு ஒரு நாள் வர்றவன். அவ அம்மாகூட தினமும் இருந்தாகணும்'னான். வெளுத்த தேத்தண்ணியக் குடிச்சுக்கிட்டே சொன்னான், பாவம். உங்கப்பன் அட்டை போனப்ப, அவன் மட்டும் நாலு இடத்துல ஏறி இறங்கலேன்னா பாத்திரப் பிரிவும் கிடையாது, இந்த ரூமும் கிடையாது."

பத்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் விளிம்பு உடைந்த அந்தக் கோப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக ரிம்மாவின் கண்முன் வந்தன. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கோட்டை எடுத்தாள்.

"எங்க போறே?" என்றாள் அம்மா. மயானத்திலிருந்து வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அவர் வீட்டுக்கு."

"கார்ல ஏத்திக்கிட்டுப் போனவன் இப்ப வீட்டுலயா இருப்பான்?"

கோட்டின் ஒரு கையை மாட்டியபடி ரிம்மா நின்றாள். எங்கே போவது? அவரைக் கொண்டுபோன அந்தக் கட்டிடத்தின் வாசலில் நின்று, ஐயா, நான் சொன்னது பொய் என்று சொல்வதா? எது பொய் என்று கேட்பார்கள். உருண்டையா, கையா?

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றாள். "ஒரு தடவை சொல்லியிருந்தா... இன்னிக்குக் காலையிலயாவது... வாயை மூடு, வாயை மூடுன்னியே, இதைச் சொல்லியிருக்கலாமே!"

பெலகேயா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். இப்போது அழப் போகிறாள், இப்போதாவது அழப் போகிறாள் என்று ரிம்மா காத்துக்கொண்டு நின்றாள்.

"சூப் பொங்குது" என்றாள் அம்மா.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். யெஃபிம் தேய்த்த பெரிய பாத்திரத்தில் சூப் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து நெருப்பில் சீறியது. கோணல் கைப்பிடி சுட்டது. பிடித்துணியைத் தேடி அலமாரியில் துழாவினாள். கையில் வெள்ளையாக ஏதோ அகப்பட்டது. "இது யாரோடது, இத்தனை வெள்ளையா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டே இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாள். அளவு பெரிதாக இருந்தது.

ரிம்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அம்மா பாத்திரத்தை இறக்கி, கரி படிந்த அடிப்பாகத்தைத் தாங்கிப் பிடித்தபடி கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தாள். கையுறையின் கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டியிருந்தது. அவள் அதைக் கழற்றாமலே கரண்டியை எடுத்தாள்.

"தட்டை நீட்டு" என்றாள்.